பூனைக்கும் நீரிழிவு

பெரியம்மாவுக்கு நீரிழிவு என்று ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் வந்து விசாரித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் பாகற்காயைச் சொல்வார், ஒருவர் ஆவாரம்பூவைச் சொல்வார், மூன்றாமவர், "எனக்குப் பதினைந்து வருஷமாக இருக்கிறது, நான் நடமாடவில்லையா?" என்று தம்மையே சாட்சியாக நிறுத்திக் காட்டுவார். இந்த ஆலோசனைகளில் பாதி உபயோகமற்றவைதான். ஆனாலும் வந்தவர்கள் போன பிறகு வீட்டிலுள்ளவர்களுக்கு ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருக்கும். நம்முடைய சமூகத்தில் வியாதியஸ்தரைத் தனியே விட்டுவிடும் வழக்கம் கிடையாது.

அதே வீட்டில், "பூனைக்கு நீரிழிவு" என்று சொல்லிப் பாருங்கள். தெரு சிரிக்கும். "சர்க்கரைப் பொங்கலை அதிகமாகத் தின்றுவிட்டதோ?" என்று ஒரு கேள்வி வரும். "மனிதனுக்கே மருந்து வாங்க வழியில்லை, பூனைக்கு ஊசியா?" என்று மற்றொன்று வரும். இரண்டாவது கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அதற்குப் பிறகு வருவோம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிரிப்புக்கு அஞ்சி அந்த வீட்டார் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாயை மூடிக்கொண்ட வீட்டுக்கு உதவி வந்து சேராது. உதவி இல்லாத வீட்டில் பூனை அதிக நாள் பிழைப்பதுமில்லை.

கடைசி வாக்கியம் மிகைப்படுத்திச் சொன்னதல்ல. பல தேசங்களிலுள்ள பிராணி வைத்தியர்களை விசாரித்து 2017-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நீரிழிவு கண்ட நாய் பூனைகளில், வியாதி இன்னதென்று தெரிந்த உடனேயே பத்தில் ஒன்று வீதம் ஊசி போட்டு உயிரை முடித்துவிடுகிறார்கள் என்றும், ஒரு வருஷத்துக்குள் மேலும் பத்தில் ஒன்று அதே கதியை அடைகின்றன என்றும் அந்த வைத்தியர்கள் மதிப்பிட்டார்கள். அவ்வளவுக்கும் சிகிச்சை உள்ள வியாதி இது! காரணங்களில் வயசும் வேறு வியாதிகளும் பணச் செலவும் உண்டு. ஆனால் தினந்தோறும் ஊசி போட வேண்டுமே, நம்மால் ஆகுமா, வீட்டு வாழ்க்கை என்னாவது என்ற மலைப்பும் அந்த ஜாபிதாவில் முக்கியமாக நிற்கிறது. மேல்நாட்டில், பணமும் வைத்தியசாலையும் உள்ள இடங்களில், நிலைமை இப்படி. நம் ஊரில் ஊசி போட்டு முடிக்கிற வழக்கம் குறைவு. கவனிக்காமல் விட்டு முடிக்கிற வழக்கம் அதிகம்.

உதாரணத்துக்கு ராயகிரியில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்வோம். முன்பு திருநெல்வேலி ஜில்லா சங்கரன்கோவில் தாலுகா என்று விலாசம் எழுதிய ஊர். 2019-இல் பிரிந்த தென்காசி ஜில்லாவில் இப்போது இருக்கிறது. மேற்கு மலையின் அடிவாரச் சீமை. சிவகிரியும் வாசுதேவநல்லூரும் பக்கத்து ஊர்கள். இந்தப் பக்கத்தில் பிராணி என்றால் முதலில் மாடு, பிறகு ஆடு, அதற்கப்புறம் கோழி. நாய்க்கும் குறைவில்லாத மதிப்பு உண்டு. வேட்டை நாய்க்குப் பேர் போன ராஜபாளையம் வடக்கே கூப்பிடு தூரத்தில் அல்லவா இருக்கிறது? பூனைக்கு மட்டும் ஜாதியும் இல்லை, விலையும் இல்லை. அது தானாக வந்தது, தானாகப் போகும். எலி பிடித்தால் நல்ல பூனை, பிடிக்காவிட்டால் சோம்பேறிப் பூனை. வைத்தியரிடம் பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டு போகிறவரை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

அந்த வீட்டில் பத்து வயசுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எலியெல்லாம் பழைய கதை. திண்ணையில் தூக்கம், வேளா வேளைக்குத் தயிர்ச் சாதம், அந்திக்குப் பால். உடம்பு உருண்டு திரண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பூனைதான் நீரிழிவுக்கு உகந்த வீடு. நடு வயசு தாண்டியதும், ஆணாயிருப்பதும், விதை நீக்கியிருப்பதும், கொழுத்திருப்பதும், நடமாட்டமில்லாததும் ஒன்று சேரும்போது இந்த வியாதி எட்டிப் பார்க்கிறது. இங்கிலாந்தில் சுமார் 230 பூனைகளுக்கு ஒன்று வீதம் இருப்பதாக 2007-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. நாய்க்கு வருவது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது போன்ற நீரிழிவு. இன்ஸுலின் சுரப்பதே நின்றுவிடுகிறது. பூனைக்கு வருவதோ நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற அதே இனம். இன்ஸுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குக் கட்டுப்படுவதில்லை. சுரக்கும் அணுக்களும் நாளடைவில் களைத்துப் போகின்றன. கணையத்தில் ஒருவிதப் பசைப் பொருள் படிந்து அந்த அணுக்களைக் கெடுப்பதுகூட மனிதனுக்கும் பூனைக்கும் பொதுவானது.

அடையாளங்களும் நமக்குத் தெரிந்தவையே. பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். வழக்கமாகத் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்காத ஜந்து, குழாயடியில் போய் உட்கார்ந்து கொள்ளும். அடிக்கடி மூத்திரம் பெய்யும். நிறையத் தின்னும், தின்னத் தின்ன மெலியும். சில பூனைகள் பின்னங்கால் விரல்களில் நடப்பதை விட்டு, குதிகால் தரையில் பட முயல் மாதிரி நடக்கும். அது நரம்பு பாதிக்கப்பட்டதன் குறி. மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு இவ்வியாதியை அடையாளம் கண்டவர்கள் நம்முடைய பழைய வைத்தியர்கள். மதுமேகம் என்று பெயரிட்டவர்களும் அவர்களே. வீட்டுக்குள் மணல் தொட்டியில் போகும் பூனையானால் அந்த எறும்புப் பரீட்சை இன்றைக்கும் செல்லும். தோட்டத்தில் மண்ணைக் கீறி மூடிவிட்டு வருகிற கிராமத்துப் பூனையிடம் அது பலிக்காது. தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

வைத்தியரிடம் போனால் ஒரு சிக்கல் உண்டு. பயந்த பூனைக்கு ரத்தத்தில் சர்க்கரை தானாகவே ஏறிவிடும். கூடையில் அடைத்து, பஸ்ஸில் குலுக்கி, நாய்கள் குரைக்கும் இடத்தில் இறக்கி, ரத்தம் எடுத்துப் பார்த்தால், நீரிழிவு இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டலாம். ஆகையால் ஒரு தடவை பார்த்த எண்ணை மட்டும் நம்பி முடிவு கட்டுவதில்லை. மூத்திரத்திலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கொஞ்ச காலமாகச் சர்க்கரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதைக் காட்டும் ஃப்ரக்டோஸமைன் என்ற ரத்தப் பரீட்சையும் செய்கிறார்கள். அடையாளங்களும் பரீட்சைகளும் ஒத்துப் போனால்தான் தீர்ப்பு.

சுற்றுப்புறத்துக் கால்நடை மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்குமே நேரம் சரியாயிருக்கும் என்பது வாஸ்தவம். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருப்பவர் பூனையின் உடலையும் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதை மறக்க வேண்டாம். முதலில் அவரிடமே போகலாம். மேற்கொண்டு பார்க்க, திருநெல்வேலிக்கு அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; அதைச் சேர்ந்த வைத்தியசாலையும் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-இல் ஆரம்பித்த கல்லூரிக்குத் தெற்குச் சீமைக்காரர்கள் ரயிலேறிப் போக வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது ராயகிரியிலிருந்து இரண்டு மணிக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்தால் போதும். அந்தப் பிரயாணத்தைச் சில தடவை செய்யத்தான் வேண்டும். ஆனால் தினமும் செய்ய முடியாதல்லவா? ஊசியோ தினமும் இரண்டு வேளை. இங்கேதான் வீட்டாருக்குத் திகில் பிடிக்கிறது.

அந்தத் திகிலுக்கு மருந்து திருநெல்வேலியில் இல்லை. தெருவிலேயே இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான தேசிய ஆராய்ச்சி சொல்லிற்று. நகரத்து வியாதி என்று நினைத்தது கிராமத்துக்கும் வந்து வெகு நாளாகிவிட்டது. ஆகவே ராயகிரி போன்ற ஊரில், இன்ஸுலின் ஊசி போட்டுக் கொள்ளும் ஒருவர் இல்லாத தெருவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கண்ணாடியை மூக்கில் மாட்டிக் கொண்டு, சீசாவைக் கவிழ்த்து, காற்றுக் குமிழி போக ஊசிக்குழாயைச் சுண்டி, கோடு பார்த்து மருந்தை இழுக்கும் வித்தையை, பள்ளிக்கூடமே போகாத ஆச்சிகள் கைத்தவறாமல் செய்கிறார்கள். அந்த வித்தைதான் பூனை வீட்டுக்கு வேண்டியது. எதிர்வீட்டு ஆச்சியிடம் போய், "எங்களுக்கும் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டால், சிரித்தாலும் கற்றுக் கொடுப்பார். கற்றுக் கொடுத்த பிறகு சிரிக்க மாட்டார். மறுநாள், "பூனை எப்படி இருக்கிறது? காலையில் ஊசி போட்டாயா?" என்று அவரே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரே வியாதிக்காரர் ஒருவருக்கொருவர் துணை நிற்பதென்பது புதிய யோசனையல்ல. லண்டனில் ஆர். டி. லாரன்ஸ் என்ற டாக்டருக்கு இளம் வயசில் நீரிழிவு கண்டது. இன்ஸுலின் இல்லாத காலம். வீட்டார் கண் முன்னால் சாக வேண்டாமென்று இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போய் முடிவை எதிர்பார்த்துக் கொண்டிருந்தார். 1923-இல், இன்ஸுலின் வந்துவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று லண்டனிலிருந்து செய்தி போயிற்று. உயிருக்கு மன்றாடிக் கொண்டே திரும்பி வந்து பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. தம்மிடம் சிகிச்சை பெற்ற மற்றொரு நீரிழிவுக்காரரைச் சேர்த்துக் கொண்டு 1934-இல் நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார். அந்த மற்றொருவர், கால யந்திரக் கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ்! வைத்தியர் மருந்து சொல்வார். அந்த மருந்தோடு வாழ்வது எப்படி என்பதை, வாழ்ந்து கொண்டிருப்பவர்தான் சொல்ல முடியும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

"மனிதனுக்குள்ள மருந்தைப் பூனைக்குப் போடுவதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கை ஞாபகப்படுத்தலாம். கணையத்துக்கும் நீரிழிவுக்கும் சம்பந்தம் உண்டென்பது 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் தெரிய வந்தது. மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரு வைத்தியர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்கு நீரிழிவு கண்டது. 1921 கோடையில் கானடாவின் டொராண்டோ நகரத்தில் பான்டிங்கும் பெஸ்ட்டும் மக்லியாட் என்ற ஆசிரியரின் ஆராய்ச்சிசாலையில் செய்த சோதனைகளும் நாய்களிடத்திலேதான். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயசுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது; காலிப் என்பவர் அந்தச் சாரத்தைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகு போட்ட ஊசிதான் பலித்தது. கண்டுபிடித்தவர்கள் உரிமையை டொராண்டோ சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக் கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம்முடைய பெரியம்மா இன்று நடமாடுவது, பெயர் தெரியாத பல நாய்கள் செலுத்திய விலையினால். நாய் பட்ட கடனைப் பூனைக்குத் திருப்புகிறோம் என்றால் நாய்கள் ஆட்சேபிக்கலாம்; மற்றபடி கணக்கு சரியே.

ஆனால் தெரு கற்றுக் கொடுக்கக் கூடியது எது, கூடாதது எது என்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கையாளும் வித்தையை ஆச்சியிடம் கற்கலாம். அளவை ஒருக்காலும் கற்கக் கூடாது. ஆச்சி ஒரு வேளைக்கு இருபது யூனிட் போட்டுக் கொள்கிறவராயிருக்கலாம். நாலைந்து கிலோ எடையுள்ள பூனைக்கு வைத்தியர் பெரும்பாலும் ஒரு யூனிட்டு அளவில்தான் ஆரம்பிப்பார். ஆச்சி சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்றைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுப்பது அதைவிட மோசம்.

ஊசிக்குழாய் விஷயத்தில் நம் தேசத்துக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. இங்கே மருந்துக் கடைகளில் இன்ஸுலின் இரண்டு வீரியங்களில் விற்கிறது. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. ஊசிக்குழாயும் இரண்டு விதம். 40-க்கு உரியது சிவப்பு மூடி. 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழாயில் "ஒன்று" என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே ஏறுவது இரண்டரை யூனிட். பெரிய சரீரத்திலேயே இது விபரீதம். பூனைக்கு எமன். கடைக்காரர் அண்ணாச்சி அவசரத்தில் எதை எடுத்து நீட்டினாலும், சீசாவில் அச்சிட்ட எண்ணும் குழாயில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று கடைவாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காக இந்தப் பத்திரிகையைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டினாலும் நமக்குச் சம்மதமே.

ஊசி போடுவது பார்ப்பவர்கள் நினைப்பது போல் கொடூரமான காரியமல்ல. ஊசி மயிரிழை போன்றது. பூனை தட்டில் வைத்ததைத் தின்று கொண்டிருக்கும்போது, விலாப்புறத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து உள்ளே செலுத்தினால், பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தின்னாத வேளையில் வழக்கம்போல் போட்டுவிடக் கூடாது. வைத்தியரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை சற்று ஏறும். இரட்டிப்பாகப் போட்டால் உயிர் போகலாம். இன்ஸுலின் மிஞ்சிவிட்டால் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்புக் காணும். அப்போது தேனையோ கெட்டியான சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். வலிப்பில் கிடக்கும் பிராணியின் வாயில் ஊற்றினால் மூச்சுக் குழலில் போய்விடும். தடவிவிட்டு உடனே வைத்தியரைத் தேட வேண்டியதுதான். 1962 என்ற இலவச டெலிபோன் எண்ணில் சர்க்காரின் கால்நடை வண்டியை அழைக்கலாம். முக்கியமாக ஆடு மாடுகளுக்கென்று ஏற்பட்டதானாலும், என்ன செய்யலாமென்று கேட்பதில் தவறில்லை.

இனி உணவு. பூனைக்கு நீரிழிவு என்ற செய்தியைக் காட்டிலும், பூனைக்குத் தயிர்ச் சாதம் ஆகாது என்ற செய்திதான் சில வீடுகளில் பெரிய கலவரத்தை உண்டாக்கும். பூனை பிறவியிலேயே மாமிச பக்ஷணி. எலியின் உடம்பில் மாவுச் சத்து இல்லையென்றே சொல்லலாம்; பூனையின் ஜீரண உறுப்புகள் அதற்கென்று அமைந்தவை. சோறும் பாலும் இட்லித் துண்டும் நம்முடைய அன்பின் சின்னங்கள். அதற்கு அவை சர்க்கரைக் கிடங்கு. வியாதி கண்ட பிறகு மாவுச் சத்தைக் குறைத்து, மீனும் கோழியும் முட்டையுமாகக் கொடுத்தால், சர்க்கரை இறங்குவதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கடையில் விற்கும் உலர்ந்த பூனைத் தீனியில் மாவு அதிகம். டப்பாவில் அடைத்த ஈரத் தீனியில் பெரும்பாலும் குறைவு.

சைவ வீட்டார் என்ன செய்வது? பூனையைச் சைவமாக்கலாமென்று முயல்வது பூனைக்கு இழைக்கும் அநீதி. டாரின் என்ற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் கெடும், இருதயமும் கெடும். இருதயம் கெடுவது 1987-இல் தெரிய வந்தது. சைவ வீடுகளில் வழக்கமாக நடப்பதை நாம் அறிவோம். பூனை பக்கத்து வீட்டில் மீன் தின்றுவிட்டு வந்து, இந்த வீட்டில் மடியில் படுத்துத் தூங்கும். இரு வீட்டாரும் இதைப் பற்றிப் பேசிக் கொள்வதில்லை. அந்த மௌன ஒப்பந்தத்தைக் கொஞ்சம் வெளிப்படையாக்கினால் போதும். மீன் வேகிற வீட்டம்மாளிடம் உப்புக் காரமில்லாமல் நாலு துண்டு எடுத்து வைக்கச் சொல்லிப் பணம் கொடுத்துவிடலாம். அல்லது கொல்லைப்புறத்தில் டப்பாத் தீனிக்குத் தனித் தட்டு ஒன்று வைத்துவிடலாம். வீட்டு மீன் மட்டுமே போதாது, மற்ற சத்துக்களுக்கு என்ன சேர்ப்பதென்று வைத்தியரைக் கேட்டுக் கொள்ள வேண்டும். ஒன்று முக்கியம்: ஊசி ஆரம்பித்த பின் உணவைத் திடீரென்று மாற்றினால், பழைய அளவு இன்ஸுலின் மிஞ்சிப் போகும். சொல்லிவிட்டு மாற்ற வேண்டும்.

சங்கரன்கோவில் புற்று மண்ணை நெற்றியிலிட்டுப் பூனைக்கும் ஒரு துளி தடவுகிறவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். கோமதியம்மன் சந்நிதியில் வேண்டிக் கொள்வதால் பூனைக்கு நஷ்டமில்லை. வேண்டிக் கொள்கிறவருக்குத் தைரியம் உண்டாகிறது. மண்ணைப் பூசிவிட்டு மருந்தை நிறுத்திவிடுவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

செலவைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு இப்போது பதில் சொல்லலாம். பணம் ஆகும்; சந்தேகமில்லை. ஆனால் மருந்தே கிடைக்காத காலம் போய்விட்டது. ஆதியில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து இன்ஸுலின் எடுத்தார்கள். மாட்டு இன்ஸுலினுக்கும் பூனையின் சொந்த இன்ஸுலினுக்கும் ஒரே ஓர் அணுக்கூறில்தான் வித்தியாசம் என்பது சுவாரஸ்யமான செய்தி. இன்றைக்கு நுண்ணுயிர்களைக் கொண்டு இன்ஸுலின் தயாராகிறது. பெங்களூர் பயோகான் கம்பெனியார் 2004-இல் மனித இன்ஸுலினையும், 2009-இல் கிளார்ஜின் என்ற நீடித்து வேலை செய்யும் இன்ஸுலினையும் சொந்தமாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இந்தக் கிளார்ஜின்தான் பூனைகளுக்கு நன்றாக ஒத்துக் கொள்வதாக உலகத்துப் பிராணி வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். சுதேசி மருந்து சுதேசிப் பூனைக்கு! ஒரு சீசாவில் ஆயிரம் யூனிட் இருக்கும். பூனைக்கு வேண்டியது நாளொன்றுக்கு இரண்டு மூன்று. திறந்த சீசாவை எத்தனை நாள் வைத்திருக்கலாமென்று மட்டும் கேட்டறிய வேண்டும். பூனைக்கென்றே வாய்வழி மருந்துகளை அமெரிக்காவில் 2022, 2023 வருஷங்களில் அனுமதித்திருக்கிறார்கள். அவை எல்லாப் பூனைக்கும் ஏற்றவையல்ல.

இன்ஸுலின் உறையவும் கூடாது, வேகவும் கூடாது. குளிர்பெட்டியின் மேல் அறையில், பனிக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் கெட்டுவிடும். கதவுத் தட்டு நல்லது. சித்திரை வெயிலில் மின்சாரம் நின்று போனால், பெரிய மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதற்குள் சிறிய பானை வைத்து, அதில் சீசாவை நனையாமல் வைத்து மூடலாம். இதையும் ஆச்சியிடம் கேட்டால் சொல்வார்.

பணத்தைவிடப் பெரிய கஷ்டம் கடிகாரம். காலை ஏழு மணிக்கு ஊசி என்றால் இரவு ஏழு மணிக்கும் ஊசி. ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போனால் ஏழு மணிக்குத் திரும்ப முடியுமா? மதுரையில் கல்யாணம் என்றால்? மேல்நாட்டார் மலைத்துப் போவது இந்த இடத்தில்தான். பூனையும் எஜமானரும் மட்டுமே உள்ள வீட்டில் மூன்றாவது கை ஏது? நம் ஊரில் அந்தக் கைக்குப் பஞ்சமில்லை. பழக்கி வைக்காததுதான் குறை. வியாதி தெரிந்த முதல் மாதத்திலேயே வீட்டில் இருவரும் வெளியில் ஒருவருமாக மூன்று பேர் ஊசி போடக் கற்றுவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வாரத்தில் கற்றுக் கொள்வாள். பூனைக்கும் அவள் பழகியவளாயிருப்பாள்.

சேர்ந்து செய்தால் என்ன ஆகுமென்பதற்கு ஜெர்மனியில் ஒரு நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது. அங்கே நீரிழிவுப் பூனை வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, வீட்டிலேயே பூனையின் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தமெடுத்துச் சர்க்கரை பார்க்கப் பழகினார்கள். கிளார்ஜின் ஊசியும் மாவு குறைந்த உணவும் கொடுத்து, எண்களை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 55 பூனைகளைப் பற்றிய ஆராய்ச்சி 2009-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 64 பூனைகளுக்கு இன்ஸுலினே வேண்டாமென்ற நிலை ஏற்பட்டது. வியாதி தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறையைத் தொடங்கியவற்றில் நூற்றுக்கு 84, தாமதித்தவற்றில் 35. கட்டுரையாளர்கள் இருவரானாலும், காது குத்தியவர்கள் சாதாரணக் குடும்பத்தினர். மிகவும் சிரத்தையுள்ளவர்களின் பூனைகள் என்பதையும், எல்லா இடத்திலும் இதே பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆறு மாதம் என்ற அந்தக் கெடு யோசிக்க வைக்கிறது. சிரிப்புக்கு அஞ்சிப் பேசாமலிருப்பதில் கழியும் மாதங்கள் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன.

காது குத்துவதற்கும் பெரியவர்கள் உபயோகிக்கும் அதே கருவி போதும். பூனை ரத்தத்தில் அது உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை வைத்தியர் அறிவார். காதை வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டுக் குத்தினால் ரத்தம் சுலபமாக வரும். முடிந்தவுடன் ஒரு துண்டு மீன் கொடுத்தால் மறுநாள் பூனை தானே வந்து உட்காரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, தின்றது, சர்க்கரை எண், போட்ட யூனிட், குடித்த தண்ணீர் எல்லாம் எழுதி, திருநெல்வேலிக்குப் போகும்போது கொண்டு போக வேண்டும். பயந்த பூனையின் ரத்தத்தைவிட அந்த நோட்டுப் புத்தகம் வைத்தியருக்கு அதிக விவரம் சொல்லும்.

ஊசி நின்ற பூனைகளிலும் சிலவற்றுக்கு வியாதி திரும்பும். ஆகவே நோட்டுப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். வாரம் ஒரு நாள் காதில் ஒரு சொட்டு. மாதம் ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் எடை. அண்ணாச்சி முதல் மாதம் சிரிப்பார். இரண்டாம் மாதம் போன மாதத்து எடையை அவரே நினைவு வைத்துக் கொண்டு சொல்வார்.